ஆறே முக்கால் அறிவிப்பு

ஜெயசுதா பத்திரிகைக்காரி ஆனதற்கு ஒரு டவுன் பஸ்தான் காரணம். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகிற குடும்பம் அவளுடையது. அவர்கள் இருந்த காலனிக்கு எதிரில் பஸ் நிற்காது. ஊர்த்தெருவில் நிறுத்தி ஆளை ஏற்றிக்கொண்டு, காலனியைக் கடக்கும்போது டிரைவர் வேகத்தைக் கூட்டிவிடுவார். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கையில் ஒரு தினசரியின் ஆசிரியருக்குப் போஸ்ட் கார்டு எழுதிப் போட்டாள். மொத்தம் ஐந்து வரி. பத்தாம் நாள் அது வாசகர் கடிதத்தில் வந்தது. அடுத்த திங்கட்கிழமை பஸ் நின்றது.

"ஏறுடி, ஏறுடின்றேன், வாயப் பொளந்துகினு பஸ்ஸையே பாத்துகினு நிக்கிறா. அன்னிக்கிப் பரீட்சைக்கு லேட்டு" என்று அவள் அம்மா லட்சுமியம்மாள் இன்றைக்கும் சொல்வாள்.

பிறகு தபால்வழியில் பி.ஏ. முடித்தாள். கள்ளக்குறிச்சியில் ஒரு தினசரிக்குப் பகுதிநேர நிருபராகப் பன்னிரண்டு வருஷம் ஓடியது. மரவள்ளிக்கு விலை கேட்டு மறியல், ரிஷிவந்தியம் கோயில் தேர், உளுந்தூர்பேட்டை சாலையில் லாரி மோதல் என்று எல்லாவற்றுக்கும் பழைய ஸ்கூட்டியில் போய் நிற்பாள். அந்த ஸ்கூட்டி அடிக்கடி பஞ்சர் ஆகும். பைபாஸ் ஓரம் பஞ்சர் கடை வைத்திருந்த சரத்குமாரை அப்படித்தான் பழக்கம், அவனையே கட்டிக்கொண்டாள்.

பன்னிரண்டாவது வருஷம் ஒரு செய்தி அனுப்பினாள். கல்வராயன் மலையில் சிற்றூரை வளவு என்பார்கள். அப்படி ஒரு வளவிலிருந்து ஏழு பேர் மிளகுத் தோட்ட வேலைக்கென்று ஒரு வேனில் ஏறிப் போனார்கள். மூன்று மாதமாகத் தகவல் இல்லை. மிளகு என்றால் என்னவென்று மலையில் எல்லோருக்கும் தெரியும். எல்லைக்கு அந்தப் பக்கத்துக் காட்டில் செம்மரம் வெட்டுவது. பிடிபட்டால் ஜெயில், ஓடினால் குண்டு என்று பேசிக்கொள்வார்கள். பேசுகிறவர்களும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள்.

செய்தி வரவில்லை. பத்திரிகை ஆபீசுக்குப் போன் செய்து கேட்டாள்.

"எஃப்.ஐ.ஆர். இல்லாம எப்படிம்மா போடறது? யாராவது ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருக்காங்களா?"

"எழுதிக் குடுத்தா மரம் வெட்டப் போனான்னு குடும்பத்து மேலயே கேஸ் வரும்னு பயப்படறாங்க சார்."

"அப்ப அவங்க பயம் தெளியட்டும். அப்பறம் போடலாம்."

அந்தச் செய்தி இருக்க வேண்டிய பக்கத்தில் மறுநாள் பாதிப் பக்கத்துக்கு ஒரு பிறந்தநாள் வாழ்த்து இருந்தது. லாரி சர்வீஸ் அதிபர் ராஜாங்கம் அவர்களுக்கு நண்பர்கள் வாழ்த்து. தங்க பிரேம் கண்ணாடி, நெற்றியில் சந்தனம். ஜெயசுதா அந்த முகத்தைச் சும்மா பார்த்துவிட்டுப் பேப்பரை மடித்தாள். அவர் யாரென்று தெரிந்துகொள்ள அவளுக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

அந்த மாதமே வேலையை விட்டாள்.

வெள்ளிமலைக்குக் கொஞ்சம் தள்ளி, அறிவுச்செல்வன் என்கிற ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியரின் அறக்கட்டளை ஒரு சமுதாய வானொலி நடத்திக்கொண்டிருந்தது. சாமைக்காடு வானொலி என்று பெயர். பழைய விதைக் கிடங்கில் மூன்று அறை; சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை; பக்கத்தில் ஒல்லியான ஒரு இரும்புக் கோபுரம். பேப்பர் மலைக்கு மத்தியானப் பஸ்ஸில்தான் வரும். செல்போன் சிக்னல் பாதி வளவுகளுக்குக் கிடையாது. ரேடியோ மட்டும் எந்தப் பள்ளத்துக்கும் இறங்கும்.

வேலை கேட்டுப் போனவளை அறிவுச்செல்வன் உட்காரச் சொன்னார். "வாங்கம்மா, தாராளமா வாங்க. ஆனா ஒண்ணு. இங்க நியூஸ் கிடையாது."

விதியைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியிருந்தார். சமுதாய வானொலி செய்தி வாசிக்கக் கூடாது. அரசு வானொலிச் செய்தியை ஓர் எழுத்து மாற்றாமல் திருப்பி ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். வானிலை, விதை, தடுப்பூசி, மின்தடை, ரேஷன் லோடு வருகிற நாள், தொலைந்துபோன ஆடுமாடு ஆகியவை அறிவிப்பு. அறிவிப்பைச் சொல்லலாம்.

வீட்டில் சொன்னபோது சரத்குமார் சிரித்தான். "பன்னெண்டு வருசம் நியூஸ் எழுதினவளுக்கு வாயில பூட்டா?"

"பூட்டுன்னா சாவி ஓட்டை இருக்கத்தான செய்யும்" என்றாள்.

தினமும் காலை ஆறே முக்காலுக்கு 'ஊர் அறிவிப்பு'. வாசிப்பவள் தேவதர்ஷினி, மலைப்பெண், இருபத்தாறு வயசு. நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவள். ஆடு காணோம் என்பதைக்கூட அவள் வாசித்தால் யாரோ நம் தோளில் கை வைத்துச் சொல்வதுபோல இருக்கும். எழுதித் தருவது ஜெயசுதா. ஒரு வருஷத்துக்கு மேல் சாமைக்குக் களையெடுப்பும் பிரசவத்துக்கு நூற்றெட்டும் சொல்லி நாள் போனது. அவளுக்கே கொஞ்சம் அமைதியாகக்கூட இருந்தது.

ஐப்பசியில் ஒரு காலை. மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. ஒலிபரப்பு முடிகிற நேரத்துக்குப் பாலித்தீன் சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு ஒரு அம்மா வாசலில் வந்து நின்றாள். பெயர் சாலம்மாள். தேன்பாறை வளவிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் நடந்து வந்திருந்தாள்.

"போன வாரம் எங்க ஆடு காணோம்னு சொன்னீங்களே."

"ஆமாம்மா. கிடைச்சிடுச்சா?"

"கிடைச்சிது. கீழ் வளவுக்காரன் ரேடியோவக் கேட்டுட்டு ஓட்டியாந்து விட்டுட்டான்." தலைச்சாக்கை எடுத்து உதறினாள். "எம்புள்ளயும் காணோம். வெத்திவேலு. நாப்பது நாளாச்சி. அதையும் சொல்லும்மா."

ஜெயசுதா தேவதர்ஷினியைப் பார்த்தாள். தேவதர்ஷினி மைக்கின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள், கை நின்றது, தலையைத் தூக்கவில்லை.

"எதுல போனாரும்மா?"

"வேன்ல. மொளகு பறிக்க."

மறுநாள் காலை அது ஒலிபரப்பானது. ஜெயசுதா எழுதியது நான்கு வரி. 'காணவில்லை. தேன்பாறை வளவைச் சேர்ந்த வெற்றிவேல், வயது இருபத்து மூன்று, ஐந்தரை அடி உயரம். கடைசியாக நீல நிறக் கட்டம் போட்ட சட்டை அணிந்திருந்தார். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை விடியற்காலை சாம்பல் நிற வேனில் ஏறிப் போனார். தகவல் தெரிந்தவர்கள் வானொலி நிலையத்தில் சொல்லவும்.' யாரையும் குற்றம் சொல்லவில்லை; எந்த வேலைக்குப் போனான் என்றும் சொல்லவில்லை. அறிவுச்செல்வன் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, "அறிவிப்புத்தான்" என்றார். அதைத் தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார்.

அந்த வாரமே இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். கார்த்திகைக்குள் பதினொரு பெயர். எல்லாமே சனிக்கிழமை, எல்லாமே சாம்பல் நிற வேன். ஜெயசுதா ஒரு நீளமான நோட்டில் பெயர், வயது, சட்டை நிறம், அங்க அடையாளம், எழுதித் தந்தவர் கைநாட்டு எல்லாம் பதிந்துவைத்தாள். பதினொன்றையும் வரிசையாக வாசித்து முடிக்க ஏழு நிமிஷம் ஆகும். அந்த ஏழு நிமிஷம் வெள்ளிமலை டீக்கடையில் ஒருவரும் பேசுவதில்லை என்று பஸ் கண்டக்டர் ஒருவர் வந்து சொன்னார்.

அப்புறம் போன் வர ஆரம்பித்தது.

அறிவிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே நிலையத்துப் போன் அடிக்கும். எடுத்தால் யாரும் பேச மாட்டார்கள். உற்றுக் கேட்டால் அந்தப் பக்கம் ஒரு ரேடியோ ஓடுவது கேட்கும். அதில் தேவதர்ஷினியின் குரல் ஒரு நொடி பிந்தி வரும். கண்ணாடிக்கு அப்பால் அவள் 'நீலக் கட்டம்' என்று வாய் அசைப்பாள். காதில் போனுக்குள்ளிருந்து 'நீலக் கட்டம்' என்று வரும். அறிவிப்பு முடிந்ததும் லைன் துண்டிக்கப்படும். ஒன்பது நாள் தொடர்ந்து இப்படி. பத்தாம் நாள் போன் வரவில்லை.

அன்று மத்தியானம் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கியவர் ஐம்பது வயசுக்காரர். சலவைச் சட்டை, கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"என் பேரு பூமாலைங்க மேடம். கேள்விப்பட்டேன், பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். நல்ல சேவை."

"உட்காருங்க."

"இருக்கட்டும்ங்க." முட்டை அட்டையை விரலால் தொட்டுப் பார்த்தார். "இதுதான் சத்தத்த வெளிய விடாதாங்க?"

"உள்ள எதிரொலிக்காம இருக்க."

"அப்படிங்களா." "மலைக்காரப் பசங்க மேடம், எங்கயாவது வேலைக்குப் போவானுங்க, தீபாவளிக்கு வருவானுங்க. இத ரேடியோல சொன்னா குடும்பத்துக்குத்தான அசிங்கம். கல்யாணத்துக்குப் பொண்ணு கிடைக்காது. அதான் சொல்றேன்."

"குடும்பத்துக்காரங்கதாங்க எழுதித் தராங்க."

"சரிங்க." வாழைப்பழத்தை மேஜைமேல் வைத்தார். "சார் பைபாஸ்ல கடை வெச்சிருக்காரு இல்ல. நேத்து எனக்கு ஒரு டயர் போட்டுக் குடுத்தாரு. கையில நல்ல தொழிலு. நீங்க தினம் ஸ்கூட்டிலயா மலை ஏறுறீங்க? வளைவு ஜாஸ்தி மேடம், பஸ்ஸுல வாங்க."

கார் போன பிறகும் அவள் நெடுநேரம் அந்த வாழைப்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் சரத்குமாரிடம் கேட்டபோது, ஆமாம், ஒரு வெள்ளைக் கார் வந்தது, நல்ல டயரைக் கொடுத்துக் கழற்றி மாட்டச் சொன்னார்கள், ஒன்றும் புரியவில்லை என்றான். ஜெயசுதா விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நிறுத்தப் போறியா?"

"தெரியலங்க."

"அந்தப் பொம்பளைங்க நடந்து வராங்கன்ற. நிறுத்திட்டு அவங்களுக்கு இன்னா பதில் சொல்லுவ?" என்றான். மறுநாளிலிருந்து அவள் பஸ்ஸில் போனாள்.

மார்கழி முதல் வாரம். வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்குகிற மாலை நாலு மணி பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளுக்குப் பின்சீட்டிலிருந்து ஒரு ஆண்குரல் கேட்டது.

"திரும்பாதீங்கக்கா. நான் வேடியப்பன். தேவதர்ஷினிக்கு அண்ணன்."

ஜெயசுதா வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள். கீழே பள்ளத்தில் மூங்கில் புதர்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

"அந்த வேன ஓட்டறது நான்தான். தங்கச்சிக்குத் தெரியும். அவளாண்ட கோச்சிக்காதீங்க, நான்தான் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிகினேன். தினம் அந்தப் பேருங்கள அவ படிக்கறா, நான் வூட்ல உக்காந்து கேட்டுகினு இருக்கறேன். சோறு எறங்க மாட்டேங்குது."

"எங்க கொண்டுபோய் விடுற?"

"எல்லை தாண்டி ஒரு செங்கல் சூளை. அங்க எறக்கி வுட்டா என் வேலை முடிஞ்சிது. அப்பால வேற வண்டி. அனுப்பறது பூமாலை. பூமாலைக்கு மேல லாரி ராஜாங்கம். உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ."

பேப்பரில் பார்த்த தங்க பிரேம் கண்ணாடி அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"போலீசுல சொல்றியா? நான் கூட வரேன்."

"சொன்னா மொதல்ல உள்ள போறது நான்தான்க்கா. வுட்டுட்டு ஓடினா, அடுத்த வண்டியில ஏத்தற ஆளுங்கள்ல நானும் ஒருத்தன். அடுத்த சனிக்கிழம இருவது பேரு போறாங்க. அத மட்டும் எப்படியாவது நிறுத்துங்க. என் பேரு வரக்கூடாது."

"வராது."

அவன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டான். பஸ் கிளம்பியபோதுதான் அவனைப் பார்த்தாள். தேவதர்ஷினிக்கு இருக்கிற அதே அகலமான நெற்றி.

செய்தியாக எழுதி நான்கு பத்திரிகைக்கு அனுப்பினாள். ஒருவர் சாட்சி யாரென்று கேட்டார். சொல்ல முடியாது என்றதும் போனை வைத்துவிட்டார். மற்ற மூவரும் பதிலே சொல்லவில்லை. அப்போதுதான் அவள் ஒரு காரியம் செய்தாள். வெள்ளிக்கிழமை ஆறே முக்காலுக்கு, பதினொரு பெயர்களுக்குப் பிறகு, புதிதாக ஓர் அறிவிப்பு வாசிக்கப்பட்டது. 'வெளியூர் வேலைக்கு வேனில் ஏறுகிறவர்கள், ஏறும் முன் தங்கள் பெயர், அங்க அடையாளம், அழைத்துப் போகிறவர் பெயர் ஆகியவற்றை வானொலி நிலையத்தில் எழுதிவைத்துவிட்டுப் போகவும். உங்கள் பாதுகாப்புக்காக.'

தேவதர்ஷினி வாசித்து முடித்துவிட்டு வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். "தேங்ஸ்க்கா" என்றாள்.

சனிக்கிழமை விடியற்காலை வேன் மூன்று வளவுகளில் நின்று ஹாரன் அடித்தது. ஒருவரும் வரவில்லை. காலியாகவே இறங்கிப் போனது.

அடுத்து எல்லாம் மளமளவென்று நடந்தது. திங்கட்கிழமை கோபுரத்திலிருந்து வரும் கேபிளை யாரோ அறுத்திருந்தார்கள். ஒட்டுப்போட்டு மத்தியானமே பேச வைத்தார்கள். புதன்கிழமை டெல்லியிலிருந்து கடிதம். உரிம விதிக்கு மாறாகச் செய்தி ஒலிபரப்பியதற்கு விளக்கம் தர வேண்டும், அதுவரை ஏன் நிறுத்திவைக்கக் கூடாது என்று கேட்டிருந்தது. யாரோ ஒருவர் ஒவ்வொரு நாள் அறிவிப்பையும் பதிவுசெய்து, தட்டச்சு செய்து, தேதிவாரியாக இணைத்து அனுப்பியிருந்தார். ஒன்பது நாள் போனுக்கு அந்தப் பக்கம் ரேடியோவை வைத்துக்கொண்டு கேட்டவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அப்போது புரிந்தது.

வியாழக்கிழமை வேடியப்பன் வீட்டுக்கு வரவில்லை. பைக் வெள்ளிமலை பஸ் ஸ்டாண்டில் பூட்டாமல் நின்றது. சாவியும் அதிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை தேவதர்ஷினி நேரத்துக்கு வந்துவிட்டாள். தலை வாரிப் பொட்டு வைத்திருந்தாள். கையில் ஒரு துண்டுத்தாள், அவளே எழுதியது.

"நான் வாசிக்கிறேன், குடு" என்றாள் ஜெயசுதா.

"வேணாம்க்கா. நான் படிச்சாத்தான் அவனுக்குப் புரியும்."

பதினொரு பெயரையும் வாசித்தாள். பன்னிரண்டாவதாக, 'காணவில்லை. வேடியப்பன், வயது முப்பத்தொன்று. இடது முழங்கையில் தீக்காயத் தழும்பு. தகவல் தெரிந்தவர்கள் அவர் தங்கையிடம் சொல்லவும்' என்று வாசித்தாள். மைக்கை அணைத்துவிட்டு, ஜெயசுதாவை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "பஸ்ல உங்களாண்ட பேசினத யாராவது பாத்திருப்பாங்களாக்கா?"

பஸ்ஸில் இருபது இருபத்தைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவர அவள் அதற்குப் பிறகு பல நாள் முயன்றிருக்கிறாள். அந்த ஓர் அறிவிப்பை எழுதாமல் இருந்திருந்தால் இருபது பேர் போயிருப்பார்கள், இவன் இருந்திருப்பான் என்று ஒரு கணக்கு மனசில் ஓடும். ஓடி முடியாது.

அன்று பதினொரு மணிக்கு அதிகாரிகள் வந்து டிரான்ஸ்மிட்டர் அறையை அரக்கு வைத்துப் பூட்டினார்கள். பதினைந்து நாள் கழித்துக் கள்ளக்குறிச்சியில் விசாரணை. விசாரித்த அதிகாரி மரியாதையான மனிதர். தண்ணீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"உங்களுக்கு விதி தெரியும்தானேம்மா?"

"தெரியும் சார். ஆடு காணோம்னு சொன்னா அறிவிப்பு. ஆள் காணோம்னு சொன்னா செய்தியா?"

அவர் தாளைப் புரட்டினார். "ஆட்டை யாரோ வேன்ல கூட்டிகிட்டுப் போனாங்கன்னு நீங்க சொல்லலியே. வேன்ல ஏறாதேன்னு வேற சொல்லியிருக்கீங்க."

"ஏறாதேன்னு சொல்லல சார். பேரு எழுதிட்டு ஏறுங்கன்னு சொன்னோம். ஒருத்தரும் ஏறல. ஏன் ஏறலன்னு நீங்கதான் விசாரிக்கணும்."

அதிகாரி தாளை மூடி வைத்தார். பிறகு, "அது என் வேலை இல்லம்மா" என்று மெதுவாகச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அறிவுச்செல்வன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். வெளியே வந்ததும், அறக்கட்டளை சார்பில் மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் சீக்கிரம் முடிந்துவிடும் என்றார். எழுதிக்கூட வைத்திருந்தார். ஜெயசுதா வாங்கிப் படித்தாள். பெயர் வாசித்தது தவறு என்று அதில் இருந்தது.

"நீங்க கையெழுத்துப் போடுங்க சார், நான் தப்பா நினைக்க மாட்டேன். நான் போட மாட்டேன்."

அவரும் போடவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

விழுப்புரத்தில் ராதிகா என்ற வக்கீலைப் பிடித்தார்கள். நிலையத்துக்கு ஒரு வழக்கு, காணாமல் போனவர்களுக்காக ஆட்கொணர்வு மனு. மனுதாரர் சாலம்மாள். பன்னிரண்டு பெண்களில் கைநாட்டு வைக்க முதலில் கை நீட்டியவள் அவள்தான். எஃப்.ஐ.ஆர். இல்லாத வழக்குக்கு ஆதாரமாக இருந்தது அந்த நீள நோட்டு மட்டும். சென்னைக் கோர்ட்டில் நீதிபதி அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பெயர்கள் எங்கே என்று இரண்டு மாநிலப் போலீசையும் கேட்டார். அந்த மாதத்தில் சரத்குமாரின் கடைக்கு இரண்டு முறை தீ வைக்க முயற்சி நடந்தது. இரண்டு முறையும் பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடிவந்து அணைத்தார்கள். அதற்குப் புகார் கொடுத்தார்கள், ரசீது கிடைத்தது.

ஐந்தாவது மாதம் நான்கு பேர் கண்டுபிடிக்கப்பட்டார்கள். எல்லைக்கு அப்பால் ஒரு ஜெயிலில் வேறு பெயர்களில் பதியப்பட்டிருந்தார்கள். அதில் வெற்றிவேல் ஒருவன்.

அவனைப் பார்க்க ஜெயசுதா தேன்பாறைக்குப் போனாள். மத்தியான வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். பாதி ஆளாக இளைத்திருந்தான். சாலம்மாள் அவனுக்குப் பக்கத்தில் கேழ்வரகுக் களியை வைத்துக்கொண்டு தின்னச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பேச மாட்டேன்றான்ம்மா. கூப்பிட்டா திடுக்குன்றான்."

ஜெயசுதா கேள்வி எதுவும் கேட்கவில்லை. நோட்டும் எடுத்துப் போகவில்லை. கிளம்பப் போகையில் அவனே வாயைத் திறந்தான்.

"எம்பேர ரேடியோல இனிமே படிக்காதீங்கக்கா."

"படிக்க மாட்டோம்ப்பா. வந்துட்டல்ல."

"வேடியப்பண்ணன் பேரு படிப்பீங்களா?"

"ஆமா. அவரு இன்னும் வரல."

அவன் தாயைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். "நாங்க பிடிபடறதுக்கு மூணு நாள் முன்னாடி ஒரு வண்டி வந்திச்சி. அவரு எறங்கினாரு. ஓட்டிகினு வரல. பின்னாடி ஆளுங்களோட உக்காந்துகினு வந்தாரு. கை கட்டியிருந்திச்சி. என்னைப் பாத்தாரு, பேசல." களிச் சட்டியைத் தள்ளி வைத்தான். "இத நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. ரேடியோலயும் சொல்லிடாதீங்க."

ஜெயசுதா அந்த ஒன்பது கிலோமீட்டரும் நடந்தே திரும்பினாள். ஒரு பெயரைச் சொல்லாமல் காப்பாற்றுகிறேன் என்று ஏற்கெனவே ஒருவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். இது இரண்டாவது. ராதிகாவிடம் மட்டும் சொன்னாள். சாட்சி பெயர் இல்லாமல் மனுவில் ஒரு வரி சேர்த்தார்கள். தேவதர்ஷினியிடம் சொல்ல மூன்று நாள் ஆயிற்று. கேட்டுவிட்டு அவள், "அப்ப உயிரோட இருந்திருக்கான், அன்னிக்கி வரைக்கும்" என்றாள். மறுநாளும் வேலைக்கு வந்தாள். வேலை என்று எதுவும் இல்லாத நாள்கள் அவை. வந்து தரையைப் பெருக்கிவிட்டுப் போவாள்.

ஏழாவது மாதம் கோர்ட் பூட்டைத் திறக்கச் சொன்னது. ஒரு நிபந்தனையோடு: ஆள் காணாத அறிவிப்பு எதுவானாலும் காவல் நிலையத்தில் முத்திரை வாங்கிய பிறகே வாசிக்க வேண்டும். ராஜாங்கத்தின் மேல் வழக்கில்லை. பூமாலையைப் பிடித்து ஜாமீனில் விட்டார்கள். முத்திரைக்குப் போனால் பெரும்பாலும் அதிகாரி இருக்க மாட்டார். இருந்தால் முத்திரை இருக்காது. பெண்கள் தாளைக் கொடுத்துவிட்டு நின்றார்கள்.

ஜெயசுதா இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் ஆறே முக்காலுக்கு அவளே மைக்கின்முன் உட்கார்ந்தாள். "இன்று முத்திரைக்காகக் காத்திருக்கும் அறிவிப்புகள் எட்டு. தேன்பாறை மூன்று, கீழ் வளவு நான்கு, வெள்ளிமலை ஒன்று." இவ்வளவுதான். பெயரில்லை, சட்டை நிறமில்லை. மறுநாள் எட்டு. அதற்கு மறுநாளும் எட்டு. பத்தாம் நாள் காவல் நிலையத்திலிருந்து ஆளனுப்பி, இரண்டு தாளில் முத்திரை போட்டுத் தந்தார்கள். "ஆறு" என்று வாசித்தாள். அறிவுச்செல்வன் வெளியே வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், ரொம்ப நாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தார்.

ஆனால் வெள்ளைக் காரும் திரும்ப வர ஆரம்பித்தது. கிட்டே வராது. கீழே திருப்பத்தில் புளியமரத்தடியில் நிற்கும். ஒலிபரப்பு முடிந்ததும் போய்விடும். சரத்குமார் இப்போது காலையில் கடை திறப்பதில்லை. அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்து, நிலையத்துக்கு எதிரே ஒரு பாறைமேல் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பான்.

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை அறிவிப்பின் நடுவே அவன் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்று மூன்று விரலைக் காட்டினான். மூன்று பேர் மேலே ஏறி வருகிறார்கள். கையிலிருந்த தாளில் இன்னும் ஐந்து வரி இருந்தது. நிறுத்தாமல் வாசித்தாள், தேவதர்ஷினி எழுந்து போய் உள்கதவைத் தாழிட்டாள்.

வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது. சண்டையாக இல்லை. மைக்கை அணைத்துவிட்டு இருவரும் கதவைத் திறந்தார்கள். வந்திருந்தவர்கள் தூரத்து வளவுப் பையன்கள். மூத்தவனுக்கு இருபத்தைந்து இருக்கலாம். ஆளுக்கொரு துணிப்பை வைத்திருந்தார்கள்.

"பேரு எழுதிட்டுத்தான் போவணும்னு ரேடியோல சொன்னீங்கல்லக்கா" என்றான் மூத்தவன். "நாளைக்குக் கிளம்பறோம்."

"எங்க?"

"மொளகுக்கு."

"தெரிஞ்சே போறீங்களாப்பா?"

"மழையில்ல. சாமை கருகிப்போச்சி. போவலன்னா இன்னா பண்றது?"

அவள் பேசிப் பார்த்தாள். வெற்றிவேலைப் பற்றிச் சொன்னாள். சரத்குமார் தன் கடையில் ஒருவனுக்கு வேலை தருகிறேன் என்றான். தேவதர்ஷினி மூத்தவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூவரும் பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு மேஜையருகே வரிசையாக நின்றார்கள்.

ஜெயசுதா நோட்டைத் திறந்தாள். பெயர், வயது, ஊர், நாளைக்குப் போடப்போகிற சட்டை. கடைசியில் நின்றவன், எழுதி முடித்த பிறகும் நகரவில்லை. தலையைச் சாய்த்து முடியை ஒதுக்கிக் காட்டினான்.

"காதுக்குப் பின்னாடி ஒரு மச்சம் இருக்குக்கா. அதையும் எழுதிக்குங்க."